அறியாது விற்றாலும் குற்றமா? உதேஷி வழக்கும் 292ஆம் பிரிவில் இல்லாத ஒரு சொல்லும்

1959 டிசம்பர் 12 அன்று, பம்பாயின் ஹாப்பி புக் ஸ்டாலில் காவல்துறையின் போலி வாடிக்கையாளர் ஒருவர் டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலின் வெட்டப்படாத பதிப்பை விலைக்கு வாங்கினார். கடையின் நான்கு பங்குதாரர்களுக்கும் தலா 20 ரூபாய் அபராதம். கட்டத் தவறினால் ஒரு வார வெறுங்காவல். தொகை அற்பமே. எனினும் பங்குதாரர்களுள் ஒருவரான ரஞ்சித் உதேஷி உச்ச நீதிமன்றம் வரை சென்றார்.

1964 ஆகஸ்ட் 19இல் வெளியான ஐவர் அமர்வுத் தீர்ப்பை, ஹிக்ளின் அளவுகோலை இந்தியாவில் நிலைநிறுத்திய தீர்ப்பாகவே வகுப்பறைகள் அறிமுகப்படுத்துகின்றன. குற்றமனம் பற்றிய அதன் பகுதி உரிய கவனம் பெறவில்லை.

நூல்கள் பெருகிவிட்ட காலத்தில் விற்பவர் அனைத்தையும் படித்திருக்க இயலாது. ஆகவே ஆபாசம் என அவர் அறிந்திருந்ததை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும் என்பது உதேஷி தரப்பு வாதம். நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய விடை சொல்லாராய்ச்சி சார்ந்தது: 292ஆம் பிரிவின் விற்பனைக் கூறில் ‘அறிந்தே’ என்ற சொல் இல்லை, சட்டம் சுமத்தாத சுமையை அரசுத் தரப்பு ஏற்க வேண்டியதில்லை. அறியாமை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. விற்றல் அல்லது விற்பதற்காக வைத்திருத்தல் என்ற செயலுக்கு மட்டும் குற்றமனம் தேவை. அதையும் சூழ்நிலைகளிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

அதே பிரிவின் மற்றொரு கூறு வியப்பளிப்பது. ஆபாசப் பொருள் வணிகத்தில் இலாபம் பெறுபவரைத் தண்டிக்க, அவர் ‘அறிந்திருக்க’ வேண்டும் அல்லது ‘நம்பக் காரணம் கொண்டிருக்க’ வேண்டும். முதலீட்டாளருக்குக் கிடைத்த சொல் கடைக்காரருக்குக் கிடைக்கவில்லை! இங்கிலாந்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டமோ, தாம் அப்பொருளை ஆராயவில்லை, ஐயுறவும் காரணமில்லை என மெய்ப்பிக்கும் விற்பனையாளரை விடுவிக்கிறது.

மாதுங்காவிலோ செம்பூரிலோ தமிழ் எழுத்தறியாத ஒருவர் தமிழ் வார இதழ்களைத் தொங்கவிட்டு விற்பதாகக் கொள்வோம். ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியவை இதழின் ஆபாசமும் விற்பனையும் மட்டுமே. அவர் அதைப் படிக்கவே இயலாதவர் என்பது தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போதுதான் பேசப்படும்.

1969ஆம் ஆண்டுத் திருத்தம் இலக்கியம், கலை, அறிவியல் முதலிய பொதுநலனுக்கு விலக்களித்தது. முதற்குற்றத்திற்கான உச்ச தண்டனையை மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டாகவும் உயர்த்தியது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் ஹிக்ளின் கைவிடப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்பிரிவின் எண் 294. விற்பனைக் கூறில் ‘அறிந்தே’ இன்றும் இல்லை.