மெட்னர் சங்க இசைத்தட்டுகள்

ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னரின் (1880–1951) படைப்புகளை, பெரும்பாலும் அவரே பியானோவில் அமர்ந்து வாசிக்க, எச்.எம்.வி. நிறுவனம் லண்டனில் பதிவுசெய்து வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுதிகள் மெட்னர் சங்க இசைத்தட்டுகள் எனப்படும். செலவை ஏற்றவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் (1919–1974). இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில் தொடங்கிய பதிவுகள், மெட்னர் காலமாவதற்கு முந்தைய ஆண்டு வரை நடந்தன. மூன்று பியானோ கான்செர்ட்டோக்களும் தனிப் பியானோ உருப்படிகளும் பாடல்களும் இவற்றில் அடக்கம். இதே காலத்தில் லண்டனின் பில்ஹார்மோனியா இசைக்குழுவுக்கும் மகாராஜா பொருளுதவி செய்தார். இந்த இரண்டு உதவிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் இக்கட்டுரையில் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

புரவலர்

ஜெயசாமராஜ உடையார் 1940-இல், தம் பெரியப்பா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மறைந்தபின், 21 வயதில் பட்டமேறினார். சிறுவயது முதலே பியானோ பயின்றவர். மேடையில் வாசிக்கும் பியானோ கலைஞராக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. 1945-இல் லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் பட்டயமும் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கௌரவ உறுப்பினர் தகுதியும் அவருக்குக் கிடைத்தன. அரியணை அந்தக் கனவைத் தடுத்தது. ஆனால் கேட்பதை யாராலும் தடுக்க முடியவில்லை. அவருடைய இசைத்தட்டுச் சேகரிப்பில் சுமார் 20,000 தட்டுகள் இருந்ததாக அன்றைய மதிப்பீடு ஒன்று சொல்கிறது.

மேற்கத்திய இசை மைசூர் அரண்மனைக்குப் புதிதல்ல. அங்கே கர்நாடக வாத்தியக் குழுவும் மேற்கத்திய பேண்டும் அருகருகே இயங்கின. பெரியப்பா காலத்தில் பேண்டை நடத்தியவர் ஜெர்மானியரான ஓட்டோ ஷ்மிட். அதே அரண்மனையில் ஆஸ்தான வித்வானாக இருந்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். மதுரை மணி ஐயர் பாடிப் புகழ்பெற்ற 'இங்கிலீஷ் நோட்டு' அவர் இயற்றியது என்பதை நினைத்தால், அந்த அரண்மனைச் சுவர்களுக்குள் எந்த இசை எதன் காதில் விழுந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இசையமைப்பாளர்

மெட்னர் மாஸ்கோவில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, 1930-களின் நடுவில் லண்டனில் குடியேறினார். ராக்மனினோவின் நெருங்கிய நண்பர். ராக்மனினோவ் தம் நான்காம் கான்செர்ட்டோவை மெட்னருக்குக் காணிக்கையாக்கினார்; மெட்னரின் இரண்டாம் கான்செர்ட்டோ ராக்மனினோவுக்குக் காணிக்கை. 14 பியானோ சொனாட்டாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களும் எழுதியவர். இருந்தும் கூட்டம் அவர் பக்கம் வரவில்லை. சமகாலத்தின் புதுப் போக்குகள் அவருக்கு அடியோடு பிடிக்காது. அவற்றைக் கண்டித்து 1935-இல் ஒரு நூலே எழுதினார். போர்க்காலத்தில் மாணவர்களும் வருமானமும் குறைந்தன. 1942-இல் மாரடைப்பு வந்தது. நோயோடும் வறுமையோடும் மூன்றாம் கான்செர்ட்டோவை 1943-இல் முடித்தார். 1944 பிப்ரவரி 19 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் அதைத் தாமே வாசித்து அரங்கேற்றினார்.

இந்த நிலையில்தான் மைசூரிலிருந்து உதவி வந்தது. மெட்னர் நேரில் சந்தித்திராத மன்னர் அவர். கடல் கடந்து, கேட்டதன் பேரிலேயே ரசிகரானவர். மூன்றாம் கான்செர்ட்டோ மகாராஜாவுக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஐரோப்பிய இசையின் பெரிய உருப்படி ஒன்றின் முகப்பில் தென்னிந்திய மன்னர் ஒருவரின் பெயர் பதிவாவது மிக அரிய செய்தி.

பதிவு

'சங்கம்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வணிக ஏற்பாடு உண்டு. விற்குமா என்று தெரியாத இசையைப் பதிவுசெய்யக் கம்பெனிகள் தயங்கின. எச்.எம்.வி.யின் வால்டர் லெக் 1931-இல் இதற்கு ஒரு வழி கண்டார்: முன்பணம் கட்டும் ரசிகர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைப்பது, போதிய ஆட்கள் சேர்ந்ததும் பதிவைத் தொடங்குவது. ஹியூகோ உல்ஃபின் பாடல்கள் அப்படித்தான் முதலில் தட்டேறின. ஷ்னாபெல் வாசித்த பீத்தோவன் சொனாட்டாக்கள் முழுவதும் அதே முறையில் வெளிவந்தன. மெட்னர் சங்கத்தில் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களின் இடத்தில் ஒரே ஒருவர் நின்றார்.

அன்றைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது நான்கரை நிமிட இசைதான் அடங்கும். மூன்றாம் கான்செர்ட்டோ ஏறக்குறைய 35 நிமிடம். கணக்குப் பார்த்தாலே எட்டுப் பக்கங்களாவது வேண்டும். ஆகவே பியானோவும் முழு இசைக்குழுவும் நான்கு நிமிடம் வாசித்து நிறுத்தி, மறுபடி அதே வேகத்தில், அதே உணர்ச்சியில், அதே இடத்திலிருந்து எடுக்க வேண்டும். மெழுகில் நேரடியாக வெட்டும் பதிவில் ஒட்டுப்போட வழியில்லை. கடைசி வரியில் ஒரு விரல் தவறினாலும் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தாக வேண்டும். இதய நோயுள்ள, 67 வயதான ஒருவர் இதைச் செய்தார். மூன்றரை நிமிடத்துக்குள் பல்லவியும் சரணமும் அடக்கிப் பாடிய நம் பழைய இசைத்தட்டு வித்வான்களின் பாடு தெரிந்தவர்களுக்கு இதன் கடினம் எளிதில் புரியும். தட்டு செய்யப் பயன்பட்ட அரக்கு பெரும்பாலும் சோட்டா நாகபுரி போன்ற கிழக்கிந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறியது.

மூன்று கான்செர்ட்டோக்களும் 1947-இல் பில்ஹார்மோனியா இசைக்குழுவோடு பதிவாயின. முதலாவதற்கு நடத்துநர் ஜார்ஜ் வெல்டன். அப்போது பர்மிங்காம் நகர இசைக்குழுவின் தலைமை நடத்துநர். இரண்டாவதையும் மூன்றாவதையும் இசாய் டோப்ரோவென் நடத்தினார். இது நல்ல தேர்வு. டோப்ரோவென் மாஸ்கோவில் பயின்ற ரஷ்யர், அவரே பியானோ கலைஞர். லெனினுக்கு பீத்தோவனின் அப்பாசியோனாட்டாவை வாசித்துக் காட்டியவர். தனியே வாசிக்கும்போது மெட்னர் வேகத்தைச் சற்று இழுத்தும் விட்டும் போவார். அந்த நெளிவுக்கு இசைக்குழு இணங்கிப் போவதை இரண்டாம் கான்செர்ட்டோவில் தெளிவாகக் கேட்கலாம். பென்னோ மொய்சிவிச் இரட்டைப் பியானோ உருப்படியில் மெட்னரோடு சேர்ந்து வாசித்தார். 1950-இல் எலிசபெத் ஷ்வார்ஸ்காப் பாட, மெட்னர் உடன் வாசித்த பாடல்கள் பதிவாயின.

பில்ஹார்மோனியா

லெக் 1945-இல் நிறுவிய இக்குழுவின் முதல் கச்சேரியை அதே ஆண்டு அக்டோபரில் தாமஸ் பீச்சம் நடத்தினார். அடுத்த ஆண்டு மகாராஜாவின் அழைப்பில் லெக் மைசூர் வந்தார். அரண்மனையின் இசைத்தட்டு நூலகத்தையும் ஒலிபெருக்கிகளையும் பெரிய பியானோக்களையும் கண்டு வியந்ததாக அவர் பின்னர் எழுதியுள்ளார். ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவி என்று முடிவாயிற்று. 1948-இல் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவராக மகாராஜா அமர்ந்தார்.

பணத்தோடு அவருடைய ரசனையும் சேர்ந்து போனது. யாரும் அதிகம் பதியாத உருப்படிகளையே அவர் கேட்டார். 1949-இல் ஹெர்பர்ட் ஃபான் காரயான் இக்குழுவோடு பதிவுசெய்த பலாகிரெவின் முதல் சிம்பொனியும் ரூசெலின் நான்காம் சிம்பொனியும் அப்படி வந்தவை. ரூசெல் 1909-இல் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தவர். சித்தூர் ராணி பத்மினியின் கதையை மேடை இசையாக்கியவர். காரயானின் பெயர் இன்று பீத்தோவனோடும் பிராம்ஸோடும் ஒட்டியிருப்பதால், இந்த இரண்டு பதிவுகள் கவனத்துக்கு வருவதே இல்லை. என் மதிப்பில் பலாகிரெவ் பதிவு அவருடைய இளமைக்காலத்தின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு கடைசிப் பாடல்கள்' 1950 மே 22 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக ஒலித்தன. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர், வாசித்தது பில்ஹார்மோனியா. ஸ்ட்ராஸ் அதற்கு எட்டு மாதம் முன்பே இறந்திருந்தார். கச்சேரி நஷ்டப்பட்டால் ஈடுகட்ட 4,800 டாலருக்கு மகாராஜா உத்தரவாதம் தந்தார். பதிலுக்கு அவர் கேட்டது, அதைப் பதிவுசெய்து மைசூருக்கு அனுப்பவேண்டும் என்பது மட்டும். இன்று புழங்கும் அப்பதிவில் கீறலும் இரைச்சலும் அதிகம். அந்த இரைச்சலுக்கு அடியில் ஃப்ளாக்ஸ்டாடின் குரல் எழும்போது வேறு எதுவும் காதில் விழுவதில்லை.

ஓய்வு

மைசூர் 1947-இல் இந்தியாவோடு இணைந்தது. 1950 குடியரசோடு மன்னராட்சி முடிந்தது. அரண்மனைக் கருவூலம் தனிமனிதச் சொத்தாகச் சுருங்க, லண்டன் உதவியும் நின்றது. தொழில்நுட்பமும் மாறிக்கொண்டிருந்தது. 1948-இல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்தது, கட்டுக்கட்டான 78 தட்டுகளைப் பெட்டியில் வைத்து விற்கும் காலம் முடிந்தது. மெட்னர் 1951 நவம்பரில் காலமானார்.

கர்நாடக இசை

இதே ஆண்டுகளில் மகாராஜா வேறொரு வேலையிலும் ஆழ்ந்திருந்தார். ஸ்ரீவித்யா முத்திரையில் அவர் இயற்றிய 94 சமஸ்கிருதக் கிருதிகள் 1945-ஐ ஒட்டிப் பிறக்கத் தொடங்கின. வழிகாட்டியவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். அவருடைய குருவான பட்டணம் சுப்பிரமணிய ஐயர்தான் மேற்கத்திய நடை தொனிக்கும் கதனகுதூகல ராகத்தைத் தந்தவர். பெயரிலுள்ள 'பட்டணம்' சென்னை.

அரிய ராகங்கள், தேவி உபாசனை, ராகப் பெயரைச் சாகித்தியத்திலேயே பொதிவது என்று இக்கிருதிகளில் முத்துசுவாமி தீட்சிதரின் சாயல் தெரிகிறது. தீட்சிதரின் இளமை சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கு அருகிலுள்ள மணலியில், முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் கழிந்தது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் அதே மணலி. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய்க் கேட்ட ஆங்கிலேய பேண்டின் மெட்டுகளில் ஏறக்குறைய 40 நோட்டுஸ்வர சாகித்தியங்களை அவர் அமைத்தார். பிரிட்டிஷ் அரச வாழ்த்து மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆனது இப்படித்தான். மகாராஜாவின் பாதை வேறு. ஐரோப்பிய மெட்டு எதையும் அவர் கிருதிக்குள் கொண்டுவரவில்லை. மெட்னரை மெட்னராகவே பதியச் செய்தார். கிருதியைக் கிருதியாகவே எழுதினார்.

1964 முதல் 1966 வரை அவர் சென்னை மாநில ஆளுநராகக் கிண்டி ராஜ்பவனில் இருந்தார். 1966-இல் சங்கீத நாடக அகாடமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மெட்னர் பதிவுகள் 1990-களில் டெஸ்டமென்ட் நிறுவனத்தால் குறுவட்டுகளாக மறுபடி வெளிவந்தன. 78 தட்டின் பக்கங்கள் முடியும் இடங்கள் அவற்றில் ஒட்டுத் தெரியாமல் இணைக்கப்பட்டுள்ளன. 1947-இல் நின்று நின்று வாசித்த மூன்றாம் கான்செர்ட்டோவை இப்போது இடைவெளியின்றிக் கேட்கலாம்.