பதின்வயதுப் பாடகி, சின்னத்திரை நாயகி: பில்லி பைப்பர்

1990-களின் பிற்பகுதியில் பிரித்தானியப் பாப் இசைத் தொழில், பதின்வயதினரின் கைச்செலவுப் பணத்தைக் குறிவைத்து, அவர்கள் வயதிலேயே பாடகர்களைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலில் கிடைத்து, சில ஆண்டுகளிலேயே அத்தொழிலை விட்டு விலகி, பின்னர் தொலைக்காட்சி நடிகையாக நிலைபெற்றவர் பில்லி பைப்பர். 1982-இல் இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் பிறந்த அவர், லண்டனிலுள்ள சில்வியா யங் நாடகப் பள்ளியில் பயின்றவர். ஆகவே, பாடகி நடிகையானார் என்று பொதுவாகச் சொல்லப்படும் இவ்வரலாற்றில் நடிப்புப் பயிற்சியே முந்தியது, பாட்டு இடையில் வந்து சேர்ந்தது.

'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்னும் இளைஞர் இசை இதழின் தொலைக்காட்சி விளம்பரத்தில் பபிள்கம் ஊதும் சிறுமியாகத் தோன்றிய அவர், இசைத்தட்டு நிறுவனமொன்றின் கண்ணில் பட்டு ஒப்பந்தமானார். அவரது முதல் பாடலான 'பிகாஸ் வீ வான்ட் டு', 1998 ஜூலையில் பிரித்தானியத் தரவரிசையில், அதாவது தனிப்பாடல் தட்டுகளின் வார விற்பனையைக் கணக்கிட்டு அப்போது வெளியிடப்பட்ட பட்டியலில், நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது. அப்போது அவருக்கு வயது 15. முதல் பாடலிலேயே அவ்விடத்தை நேராகப் பிடித்த பெண்களில் அவரே மிக இளையவர். அதே ஆண்டில் 'கேர்ள்ஃபிரெண்ட்', 2000-இல் 'டே அண்ட் நைட்' ஆகிய பாடல்களும் முதலிடம் பெற்றன. ஆயினும் அவ்வாண்டு வந்த இரண்டாம் இசைத்தொகுப்பு முதலாவதன் அளவுக்கு விற்கவில்லை. அதன்பின் பாட்டைக் கைவிட்டு அவர் நடிப்புக்குத் திரும்பினார்.

சாசரின் 'கான்டர்பரி கதைகள்' என்னும் 14-ஆம் நூற்றாண்டு நூலைத் தற்காலச் சூழலுக்கு மாற்றி பி.பி.சி. 2003-இல் ஒளிபரப்பிய தொடரில், 'மில்லரின் கதை' பகுதியில் அவர் நடித்தார். 1989-இல் நிறுத்தப்பட்ட அறிவியல் புனைவுத் தொடரான 'டாக்டர் ஹூ'வை ரஸல் டி டேவிஸ் 2005-இல் மீட்டெடுத்தபோது, காலவெளியில் பயணிக்கும் நாயகனின் பயணத்துணையான ரோஸ் டைலர் வேடம் அவருக்கு வந்தது. பழைய பாப் பாடகியால் இது முடியுமா என்ற ஐயம் இருந்தது. முதல் அத்தியாயமோ, விண்வெளியிலிருந்து பூமியை நோக்கிப் பாயும் கேமரா, ரோஸின் படுக்கையறைக் கடிகார மணியில் வந்து நிற்பதாகத் தொடங்கியது. விந்தையான உலகமெல்லாம் லண்டன் துணிக்கடையொன்றில் வேலைபார்க்கும் இப்பெண்ணின் கண்வழியே காட்டப்பட்டதால், தொடரின் நம்பகத்தன்மை அவர் நடிப்பையே பெரிதும் சார்ந்திருந்தது. அந்த அத்தியாயத்தை ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மக்கள் வாக்களிக்கும் தேசியத் தொலைக்காட்சி விருதை அவர் வென்றார்.

ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின் 'யெர்மா'வைத் தழுவி, லண்டனின் யங் விக் அரங்கில் 2016-இல் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே நிகழ்த்தப்பட்ட நாடகம், அவருக்குப் பிரித்தானிய நாடக உலகின் உயர்ந்த விருதான ஒலிவியர் விருதைப் பெற்றுத் தந்தது. 2020-இல் லூசி பிரெபிளுடன் இணைந்து அவர் உருவாக்கிய 'ஐ ஹேட் சூசி' தொடரின் நாயகியும் சிறுவயதில் பாப் புகழ் பெற்றுப் பின்னர் நடிகையானவளே. அவளுடைய கைப்பேசி ஊடுருவப்பட்டு அந்தரங்கப் படங்கள் கசிந்தபின் நேர்வதை, அதிர்ச்சி, மறுப்பு, அச்சம், அவமானம் என்று மனநிலைகளின் பெயரிட்ட எட்டு அத்தியாயங்களில் அத்தொடர் பின்தொடர்கிறது. பதின்வயதுப் புகழ் ஒரு பெண்ணிடம் கேட்கும் விலையைக் கதையாக்கும் உரிமையை, அப்புகழை ஒருகாலத்தில் விற்பனைச் சரக்காகச் சுமந்தவரே இத்தொடரின் மூலம் எடுத்துக்கொண்டார்.