பயன்படாத மருந்துகளும் வீட்டு மருத்துவக் கருவிகளும்: அகற்றலும் கொடையும்

நோயாளி குணமடைந்த பிறகோ, மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகோ, நோயாளி இறந்த பிறகோ வீட்டில் எஞ்சும் மாத்திரை, சிரப், ஊசிமருந்து ஆகியவற்றையும், வாக்கர், சக்கர நாற்காலி, நெபுலைசர் போன்ற கருவிகளையும் என்ன செய்வது என்பது பொதுச் சுகாதாரத்தைச் சார்ந்த கேள்வி. இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. வீட்டுக்கு வந்துவிட்ட மருந்து பெரும்பாலும் அழிக்கப்பட வேண்டியது. நல்ல நிலையிலுள்ள கருவி இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டியது.

எஞ்சிய மருந்தின் தீங்கு

கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் மாத்திரையைக் குழந்தை விழுங்கிவிடலாம். பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக்கை அடுத்த காய்ச்சலுக்குத் தாமாகவே எடுத்துக்கொள்வோர் உண்டு. இது கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதற்குத் துணைசெய்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்து மூலக்கூறுகளை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனவே சாக்கடையில் ஊற்றும் மருந்தின் ஒரு பகுதி ஆறு, ஏரிகளை அடைகிறது. குப்பையில் வீசிய ஊசி தூய்மைப் பணியாளரின் கையைக் குத்துகிறது.

சட்டமும் சேகரிப்பும்

இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, பயன்படுத்திய ஊசி ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. ஆனால் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் பல ஊர்களில் இல்லை.

கேரளம் இதற்கு ஒரு வழி காட்டியது. பயன்படாத மருந்துகளைத் திரும்பப் பெறும் ‘பிரௌட்’ திட்டம் 2019இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. அதன் விரிவாக்கமான ‘என்பிரௌட்’ 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்டது. சேகரிப்புப் பெட்டிகள் வழியாகவும் வீடுகளிலிருந்தும் பெறப்படும் மருந்துகள் அறிவியல் முறையில் எரித்து அழிக்கப்படுகின்றன. பிரான்சில் 1993 முதல் சிக்லமெட் அமைப்பும், ஆஸ்திரேலியாவில் 1998 முதல் ஒரு தேசியத் திட்டமும் மருந்துக்கடைகள் மூலமாகவே இப்பணியைச் செய்கின்றன. மருந்து வாங்கிய கடையே அதைத் திரும்பப் பெறுவது மக்களுக்கு மிக எளிய வழி. இந்தியா முழுவதும் அது வர வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

சேகரிப்பு மையம் இல்லாத இடங்களில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, நொறுக்காமல், மண்ணுடனோ காபித்தூள் சக்கையுடனோ கலந்து, மூடிய பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். சீட்டில் உள்ள நோயாளியின் பெயரை அழித்துவிட வேண்டும். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடித் தனியே ஒப்படைக்க வேண்டும். இன்ஹேலர் குப்பியில் அழுத்தத்தில் அடைத்த வாயு இருப்பதால் அதைத் துளையிடவோ எரிக்கவோ கூடாது.

சில மருந்துகள் மட்டும் விதிவிலக்கு. புற்றுநோய் வலிக்கு ஒட்டப்படும் ஃபென்டனில் பட்டையில், பயன்படுத்தி எடுத்த பிறகும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து எஞ்சியிருக்கும். அதை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து உடனே கழிப்பறையில் போட்டு நீர்விட வேண்டும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஃபென்டனில், மார்ஃபின், டிரமடால் உள்ளிட்ட 17 மருந்துகளுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கிறது.

மருந்துக் கொடை

மீந்த மருந்தை ஏழைகளுக்குக் கொடுக்கும் எண்ணம் நல்லதே. ஆனால் அது வெயிலில் இருந்ததா, குளிர்பதனப் பெட்டியில் இருந்ததா என்பதைப் பெறுபவர் அறிய வழியில்லை. 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்குக் கொடையாக வந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படாதவை. அவற்றை அழிப்பதே போரால் நொந்த அந்நாட்டுக்குப் பெரும் சுமையானது. நோயாளிக்கு வழங்கித் திரும்பப் பெற்ற மருந்தை நன்கொடையாக அனுப்பக் கூடாது என்றும், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறைகள் கூறுகின்றன. சிக்லமெட்டில் சேர்ந்த மருந்துகளை ஏழை நாடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பிரான்சு 2008 இறுதியோடு நிறுத்தியது. அமெரிக்காவின் அயோவா போன்ற மாநிலங்களில், முத்திரை பிரிக்காத மருந்துகள் மட்டும் மருந்தாளுநரின் பரிசோதனைக்குப் பின் மறுவழங்கல் பெறுகின்றன.

கருவிக் கொடை

கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி ஆகியவற்றின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. 1993இல் கோழிக்கோட்டில் உருவான தணிப்புப் பராமரிப்பு இயக்கத்தின் வழியில் கேரளமெங்கும் வளர்ந்த உள்ளூர் அமைப்புகள் இவற்றை நோயாளிகளின் வீட்டுக்கே இரவல் தருகின்றன. ஒரே கட்டில் பல நோயாளிகளுக்குப் பயன்படுகிறது.

கொடுப்பதற்கு முன் கருவியைச் சோப்பு நீரால் துடைத்துக் கிருமிநீக்கம் செய்து, தேய்ந்த ரப்பர் முனையையும் தளர்ந்த பிரேக்கையும் சரிசெய்ய வேண்டும். முகமூடி, குழாய், நெபுலைசர் குப்பி ஆகியவற்றை மாற்றாமல் தரக் கூடாது. ஆக்சிஜன் செறிவாக்கியில் தனிக் கவனம் தேவை. உள்ளிருக்கும் ஜியோலைட் ஈரத்தால் கெட்டிருந்தால், மோட்டார் ஓடும், காற்றும் வரும். ஆனால் அந்தக் காற்றில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்காது. அளவுமானியால் சோதித்த பிறகே அதைக் கைமாற்ற வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை வாங்கிய ஏஜென்சியிடமே ஒப்படைப்பது முறை. உறக்கத்தில் மூச்சுத்திணறலுக்கான சிபாப் கருவியானால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுள்ளதா என்று மாடல் எண்ணைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒலி தடுக்கும் நுரை சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் சிபாப் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற அறிவித்தது.