கூட்டு மருத்துவமனைகள்: நீலாய் வட்டாரத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்குச் செல்லும் இருப்புப்பாதை பத்தாங் பெனாரையும் நீலாயையும் லாபுவையும் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்குகிறது. இன்று அப்பாதையின் இருமருங்கிலும் பல்கலைக்கழகங்களும் தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கு நின்றவை ரப்பர் மரங்களும் செம்பனைகளும். அவற்றினிடையே தமிழர் குடியிருந்த லயங்கள். தோட்டத்துக் கோயிலைப் பற்றியும் தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் எழுதியோர் பலர். தோட்டத்து மருத்துவமனையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. சஞ்சிக்கூலியாகவும் கங்காணியின் கைபிடித்தும் கடல் கடந்து வந்தவருள் எத்தனை பேர் ஊர் திரும்பினர், எத்தனை பேர் இம்மண்ணிலேயே மடிந்தனர் என்ற கணக்கோ அம்மருத்துவமனைகளின் கதையோடு பின்னிக் கிடப்பதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை ஏறியபோது நெகிரி செம்பிலானின் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் வெகு விரைவாகக் காடழிக்கப்பட்டன. காடு வெட்டப்பட்ட இடமெல்லாம் குளிர்காய்ச்சல் புகுந்தது. புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டங்களில் சாவு மலிந்திருந்தமையை அக்கால அரசாங்க அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. தோட்டத்திற்கொரு மருத்துவமனை என்று பெயருக்கு இருந்தது. அது பெரும்பாலும் அத்தாப்புக் கூரையிட்ட ஒரு கொட்டகை. உள்ளே சில பலகைக் கட்டில்களும், கொய்னாவும், பேதி உப்பும், காயத்திற்குக் கட்டுத்துணியும், இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு டிரெசரும் உண்டு. மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவரைத் தனித்து அமர்த்தும் வசதி நடுத்தரத் தோட்டத்திற்கு இல்லை. இருந்த தோட்டங்களுக்கும் அதில் விருப்பம் குறைவு.

இந்நிலையில் உருவானதே கூட்டு மருத்துவமனை. அண்டையிலுள்ள சில தோட்டங்கள் ஒன்றுசேர்ந்து, நடுவிலமைந்த ஒரு தோட்டத்தில் சற்றுப் பெரிய மருத்துவமனையைக் கட்டி, பெரும்பாலும் தத்தம் தொழிலாளர் தொகைக்கேற்பச் செலவைப் பகிர்ந்துகொண்டன. ஒரு மருத்துவர் அத்தோட்டங்களை முறைவைத்துச் சுற்றி வருவார். தோட்டந்தோறும் இருந்த டிரெசர் சிறு நோய்களைக் கவனிப்பார். அவர் கைக்கு மீறியவை கூட்டு மருத்துவமனைக்குப் போகும். அதற்கும் மீறியவை சிரம்பான் அரசாங்க மருத்துவமனைக்கு. ஐக்கிய மலாய் நாடுகளின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மருத்துவமனையும் மருந்தும் அளிப்பதைத் தோட்ட முதலாளியின் கடமையாக விதித்தது. இக்கடமைக்கு அருள் மட்டுமே காரணம் என்று கருதுவதற்கில்லை. பயணச் செலவு கொடுத்து வரவழைத்த ஆள் ஆறு மாதத்தில் இறந்துவிடின் அது கணக்கேட்டில் நட்டம். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னர், கெட்ட பெயரெடுத்த தோட்டத்திற்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று.

ஆயினும் மருத்துவமனைக் கட்டடங்களைவிட உயிர்களை மிகுதியாகக் காத்தவை வடிகால்களே. கிள்ளானுக்கு 1901இல் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அந்நகரையும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் சூழ்ந்த சதுப்பு நிலத்தை வடியச் செய்து மலேரியாவை அடக்கிக் காட்டினார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கடற்கரைச் சமவெளியில் பலித்த அம்மருந்து மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. காரணம் பின்னரே புலப்பட்டது. சமவெளியில் நோய் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் காட்டு நிழலில் வளர்வது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது அழியும். குன்றுப் பகுதியில் நோய் பரப்பிய அனோபிலிஸ் மாக்குலாட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் பெருகுவது. காட்டை வெட்டினால் அதற்கு வாழ்வு. நெகிரி செம்பிலானின் நிலம் பெரும்பாலும் இரண்டாம் வகையினது. இங்கே காடழித்த கோடரியே காய்ச்சலுக்கும் கதவு திறந்தது. நிலத்தடிக் குழாய்களில் ஓடைநீரைச் செலுத்துவதும், எஞ்சிய நீர்நிலைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பதுமே இதற்குப் பரிகாரமாயின. முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து பள்ளம் பள்ளமாக ஏறி இறங்கிய தொழிலாளர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. வாட்சனுக்குப் பின்னாளில் சர் பட்டம் கிட்டியது.

நெகிரி செம்பிலானுக்கே உரிய மற்றொரு நிகழ்ச்சி உலக மருத்துவ வரலாற்றிலேயே இடம்பெற்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மாளச் செய்யும் பெரிபெரி நோய், ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரைப் பெருந்தொகையாகக் கொன்றது. அதே சூழலில் வாழ்ந்த தமிழரை அது அரிதாகவே தீண்டியது. இந்த வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் நெகிரி செம்பிலான் மாநில மருத்துவ அதிகாரியாயிருந்த வில்லியம் லெனார்ட் பிராடன். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோய்க்குக் காரணம் அரிசியே என்று அவர் வாதிட்டார். கெட்டுப்போன அரிசியில் நஞ்சு உண்டாகிறது என்ற அவருடைய விளக்கம் பிழையானது. சுட்டிய விரல் பிழையானதன்று.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் இம்மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத்து டுரியான் தீப்புஸில், சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குத் தீட்டிய அரிசியும் மறு கூறுக்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தனர். தீட்டிய அரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசி உண்டோரிடையே தோன்றவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. உயிர்ச்சத்து என்ற சொல்லே பிறவாத அந்நாளில் அது பெருங் கண்டுபிடிப்பு. தஞ்சையிலும் திருச்சியிலும் நெல்லவித்த பெண்களின் வழக்கம், எந்த டிரெசரின் துணையுமின்றி, லயங்களில் ஆயிரக்கணக்கானோரைக் காத்து நின்றது.

புழுங்கலரிசி காக்க முடியாதவை பல. வெறுங்காலுடன் நடந்தோரின் உடலில் கொக்கிப்புழு குடிபுகுந்து இரத்தத்தை உறிஞ்சியது. பனாமாக் கால்வாய்ப் பணியில் பெயர் பெற்ற டாக்டர் சாமுவேல் டார்லிங், ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் 1915ஆம் ஆண்டை ஒட்டி மலாயாவுக்கு வந்து இந்நோயை ஆராய்ந்தார். மருந்து கொடுத்து என்ன பயன், லயத்தருகே கழிப்பிடம் இல்லாதவரை? தோட்டங்களின் சுகாதாரத்தை ஆராய 1924இல் அரசாங்கம் ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் விளைவாக 1926இல் சுகாதார வாரியச் சட்டம் பிறந்தது. தோட்டங்கள் தாமாகச் செய்துகொண்ட கூட்டினை விரிவாக்கி, வட்டாரம் முழுமைக்கும் வரி திரட்டி, மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொணர்வதே அதன் நோக்கம். தோட்ட முதலாளிகள் வரியை எதிர்த்தனர். ரப்பர் விலை தரைமட்டமாகிய பெருமந்தத்தின்போது, 1930களின் தொடக்கத்தில், அத்திட்டம் கைவிடப்பட்டது. மலாயாத் தோட்ட மருத்துவத்தில் கை நழுவிய வாய்ப்புகளுள் இதுவே தலையாயது எனலாம். மருத்துவம் மீண்டும் அவரவர் வேலிக்குள் அடங்கிற்று.

அந்த வேலிக்குள் டிரெசரின் ஆட்சி நடந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போதே, நோயென்று ஒதுங்கி நிற்பவனை நாடி பிடித்துப் பார்த்து, ஓய்வா வேலையா என்று முடிவு செய்பவர் அவர். நாட்கூலிக்காரனுக்குப் படுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை; ஆகவே உண்மையான நோயாளி மறைத்தலும், களைத்தவன் நோயென நடித்தலும் இரண்டுமே உண்டு. டிரெசர்களுள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் பலர். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்ற அவர்களுள் அன்பினால் தெய்வமாக மதிக்கப்பட்டோரும் இருந்தனர். துரையின் நிழலாக அஞ்சப்பட்டோரும் இருந்தனர். நள்ளிரவில் பிள்ளைப்பேறென்றால் விளக்கேந்தி லயத்துக்கு வரக்கூடிய தூரத்தில் அவர் இருந்தார் என்பது மட்டும் மறுக்க முடியாதது.

ஜப்பானியர் ஆட்சியில் எண்ணெய் தெளிப்பு நின்றது; கொய்னா கிடைக்கவில்லை; மலேரியா திரும்பியது. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் அங்கே 1943இல் பரவிய வாந்திபேதிக்கு இரையாயினர்.

போருக்குப் பின் நாட்டின் மருத்துவம் புதுப் பாதையில் சென்றது. 1950களில் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டம், ஐம்பதினாயிரம் மக்களுக்கு ஒரு தலைமை நிலையம், அதன்கீழ்த் துணை நிலையங்கள், ஈராயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி என்று வலை பின்னியது. சிற்றூர் மக்களுக்கு அது பெரும்பேறு. தோட்டமோ தனியார் நிலம். அங்குள்ளோரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்று அவ்வலை தோட்ட வேலியோடு நின்றுவிட்டது. டிரெசர்களின் தகுதியை முறைப்படுத்தத் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இல் வந்தது. ஆனால் அதற்குள் தோட்டங்களே துண்டாடப்பட்டு வந்தன. நூறு ஏக்கர் வாங்கிய புதிய உடைமையாளர் மருத்துவமனையை வாங்கவில்லை. எஞ்சிய தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவை. ஆள் குறையவே கூட்டு மருத்துவமனைகளும் குறைந்தன, ஒன்றோடொன்று இணைந்தன, பல மருந்தகங்களாகச் சுருங்கின. சிரம்பானின் பெரிய மருத்துவமனைக்கு நல்ல சாலை இருக்கையில் இவை எதற்கு என்று கேட்கப்பட்டது. நோயாளியை ஏற்றிச் செல்ல வண்டி இருந்தவரை அது நியாயமான கேள்வியே.

1990களில் நீலாயில் புதுநகர் எழுந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. அந்நூற்றாண்டின் இறுதியில் புற்றுநோய்க்கெனவே ஒரு தனியார் மருத்துவமனை அங்கு அமைந்தது. வேறு தனியார் மருத்துவமனைகளும் பின்தொடர்ந்தன. சிரம்பான் மருத்துவமனை துவாங்கு ஜாபார் மருத்துவமனை எனப் பெயர் பெற்று, மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் கைகோத்து மாணவரைப் பயிற்றும் நிலையமுமாயிற்று. பழைய கூட்டு மருத்துவமனையில் கனவிலும் காணவியலாத கருவிகள் இன்று சில கல் தொலைவில் உள்ளன. வேலையோடு வீட்டையும் இழந்து தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், தனியார் மருத்துவமனையின் வாயிலைக் கடந்து, சிரம்பானுக்கே பேருந்து ஏறுகிறது. அங்கே குடிமகனுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி.

எஞ்சியுள்ள செம்பனைத் தோட்டங்களில் இன்று பழக்குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் ஆவர். அதே முகப்பில் அவர்களிடம் கேட்கப்படும் கட்டணம் அதைவிடப் பன்மடங்கு.