அழைத்தால் வருவதும் சொன்னால் போவதும்

அயல்நாட்டுப் படைகள் சேர்ந்து நடத்தும் பயிற்சிகளுக்குச் சூட்டப்படும் பெயர்கள் எப்போதும் இனிமையானவை. இந்தியாவும் மாலைதீவும் 1991இல் தொடங்கிய கரையோரக் காவற்படைப் பயிற்சிக்குத் 'தோஸ்தி' என்று பெயர். 2012இல் இலங்கையும் அதில் சேர்ந்துகொண்டது. இந்திய, மாலைதீவு தரைப்படையினர் 2009 முதல் நடத்திவரும் பயிற்சி 'எகுவெரின்'. திவேஹி மொழியில் அதற்கு நண்பர்கள் என்று பொருள். இந்திய, இலங்கை இராணுவங்களின் பயிற்சிக்கோ 'மித்ர சக்தி' என்று பெயர். மொழிகள் வேறானாலும் சொல்லும் சேதி ஒன்றுதான். ஆனால் இந்த நட்பு எந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்று தேடிப் போனால், 1988 நவம்பர் 3ஆம் திகதி விடிகாலையில் மாலே நகரில் போய் நிற்போம். அந்தக் கதையில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கல்ல.

மாலைதீவு நமக்குத் தூரத்து நாடு அல்ல. நமது அடுப்படிகளில் மாசி இல்லாத நாட்கள் குறைவு. பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் அத்தீவுகள் இருந்த காலத்தில் அவற்றின் வெளிவிவகாரங்கள் நீண்டகாலம் கொழும்பு வழியாகவே கவனிக்கப்பட்டன. 1965 ஜூலை 26இல் அவற்றின் சுதந்திரத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டதும் கொழும்பிலேயேதான். அப்படிப்பட்ட அயலவரின் வீட்டுக்குத்தான் இங்கிருந்து துப்பாக்கிகள் போயின.

அப்துல்லா லுதுபி என்ற மாலைதீவு வர்த்தகர், அஸ்ஹரில் கற்றுவந்த ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூமின் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார். 1980இலும் 1983இலும் அத்தகைய முயற்சிகள் தோற்றிருந்தன. இம்முறை அவருக்குக் கூலிப்படையாகக் கிடைத்தவர்கள் உமாமகேஸ்வரன் தலைமையிலான புளொட் இயக்கத்தவர்கள். ஏறத்தாழ எண்பது பேர் இலங்கையிலிருந்து கடல்வழியே சென்று மாலேயில் இறங்கினார்கள். ஓர் இன மக்களின் விடுதலைக்கென்று திரட்டப்பட்ட ஆயுதம் இன்னொரு சிறிய மக்கள் கூட்டத்தின் மீது கூலிக்குத் திரும்பியது. இதைவிடக் கசப்பான பக்கம் நமது போராட்ட வரலாறுகளில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

மாலைதீவுக்கு அன்று தனி இராணுவம் கிடையாது. தேசிய பாதுகாப்புச் சேவை என்ற சிறு படையே இருந்தது. அதன் தலைமையகத்தைத் தாக்குதல்காரர்களால் முழுமையாகக் கைப்பற்ற முடியவில்லை. கையூம் வீடு மாறி வீடு மாறித் தப்பியிருந்தார். இலங்கை, பாகிஸ்தான், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரித்தானியா, இந்தியா எனப் பல நாடுகளுக்கு உதவி கோரும் அழைப்புகள் போயின. வந்து இறங்கியது இந்தியா. ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்திய விமானங்கள் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்து அன்றிரவே ஹுல்ஹுலே விமான நிலையத்தில் பரசூட் படையினரை இறக்கின. அவர்கள் அங்கிருந்து படகுகளில் மாலேக்குக் கடந்தார்கள். பணயக் கைதிகளுடன் கப்பலொன்றில் தப்பியோடிய லுதுபி குழுவினரை இந்தியக் கடற்படை இலங்கைக் கரையை நோக்கி வரும் வழியில் மடக்கிப் பிடித்தது. பிடிபட்ட முக்கியமானவர்களுக்கு மறுவருடம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. கையூம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

வந்த வேகத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். போன விதம் அதைவிட முக்கியமானது என்று நான் கருதுகிறேன். வந்த படையினரில் பெரும்பகுதியினர் விரைவிலேயே திரும்பினர். சிறு பிரிவொன்று மட்டும் ஏறத்தாழ ஓராண்டு தங்கிப் போனது. அதே நாட்களில் அதே நாட்டின் பல்லாயிரம் படையினர் நமது வடக்கு கிழக்கில் நின்றிருந்தார்கள். 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர்கள் அவர்கள். 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாச அவர்களை வெளியேறக் கேட்டார். கடைசிப் படைப்பிரிவு கப்பலேறியது 1990 மார்ச்சில். ஒரே சமுத்திரத்தில், ஒரே காலத்தில், ஒரே படை இரண்டு விதமாக நினைவுகூரப்படுகிறது. மாலேயில் வேலை இன்னதென்று தெளிவாக இருந்தது. கேட்டவர் யார் என்பதிலும் ஐயம் இருக்கவில்லை. இங்கே இரண்டுமே குழம்பியிருந்தன.

கூட்டுப் பயிற்சிகளால் பயன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2004 சுனாமியின்போது ஓரிரு நாட்களுக்குள் இந்தியக் கப்பல்கள் மாலைதீவுக்கும் நமது கரைகளுக்கும் வந்தன. 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் நிலையம் தீப்பற்றி நகரமே தாகத்தில் தவித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் வந்தது. ஒருவர் துறைமுகத்தை மற்றவர் அறிந்திருப்பதும், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்குவதும் பயிற்சியால் வருபவை. அவை உயிர் காக்கும்.

ஆனால் சேர்ந்து பயிற்சி செய்வது வேறு, சொன்னதைக் காதில் வாங்குவது வேறு. 2019 ஏப்ரல் 4 முதல் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு எச்சரிக்கைகள் வந்தன. அதற்குள் மித்ர சக்தி பல தடவைகள் நடந்து முடிந்திருந்தது. எனினும் அயலவர் தந்த தகவல் கோப்புகளுக்குள் உறங்கியது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று 260க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல், புத்தளம் மாவட்டங்களிலும் எமது பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஒருவர் கொல்லப்பட்டார். கொலைகாரர்கள் நம்மிடையே இருந்து வந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தடுக்கக்கூடியதைத் தடுக்காதவர்களின் பிழைக்கு முதலில் தேவாலயங்களில் இருந்தவர்களும், பின்னர் அக்குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத முஸ்லிம்களும் விலை கொடுத்தார்கள். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்து, அவரைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தப் பணித்தது.

மாலைதீவும் பின்னர் வேறொரு பரீட்சையைக் கண்டது. இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த முகம்மது முயிஸ்ஸு 2023 நவம்பரில் ஜனாதிபதியானார். அங்கிருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. நோயாளர்களைத் தீவுகளிலிருந்து ஏற்றிவரும் ஹெலிகொப்டர்களையும் ஒரு விமானத்தையும் இயக்கியவர்கள். ஆனாலும் சீருடை சீருடைதான் என்று அம்மக்களில் பலர் உணர்ந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. 2024 மே 10க்குள் படையினர் போக, சிவில் தொழில்நுட்பவியலாளர்கள் வந்தார்கள். அந்தப் பிணக்கு நடந்துகொண்டிருந்த பெப்ரவரியில் தோஸ்திப் பயிற்சியும் மாலைதீவில் நடந்தது. போகச் சொன்னதால் உறவு முறிந்துவிடவில்லை. பெரிய நாடு போனது, சிறிய நாடு கதவைச் சாத்தவில்லை.

நமது நாடு 2025 ஏப்ரல் 5இல் இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்றைச் செய்தது. 1987 ஒப்பந்தத்தை ஆயுதமேந்தி எதிர்த்த கட்சியின் தலைவர் ஜனாதிபதியாக இருக்கையில் அது கைச்சாத்தானது. காலம் மனிதரை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் கைச்சாத்தானபோது அதன் வாசகங்கள் மக்கள் முன் வைக்கப்படவில்லை. எனது ஆட்சேபம் அந்த இடத்தில்தான். அயலவருக்குரிய கடமைகளை நமது மார்க்கம் வலியுறுத்துவது எல்லோருக்கும் தெரியும். அயலவரோடு உடன்பாடு வேண்டும். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது வீட்டிலுள்ளவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யார் அழைத்தால் வருவார்கள், யார் சொன்னால் போவார்கள், அனுப்பப்படும் எச்சரிக்கை யார் மேசைக்குப் போகும், அதை அலட்சியம் செய்தால் யார் பதில் சொல்வார்கள்? இந்நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இருந்தால் அதை ஒத்துழைப்பு என்று நான் ஏற்றுக்கொள்வேன். விடை இல்லாவிட்டால், பெயர் தோஸ்தியானாலும் மித்ர சக்தியானாலும், அடுத்த ஏப்ரலிலும் சாதாரண சனங்களே தனித்து நிற்பார்கள்.