ஆளுக்கு ஒரு வெள்ளி: சிங்கப்பூர்த் தமிழரின் அறப்பணி மரபும் இளையரும்

திருக்கோயில் இறைவழிபாட்டிற்கு உரிய இடம் மட்டுமன்று. ஊரார் ஒன்றுகூடி ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் அறச்சாலையும் ஆகும். இவ்வுண்மையைப் பெரியபுராணம் ஓர் அரிய நிகழ்ச்சியால் உணர்த்துகிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது, திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அடியார்க்கு அமுதளித்து வந்தனர். அதன்பொருட்டு இறைவன் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு அருளினான். நாவுக்கரசர் பெற்ற காசு குறைவின்றிச் செல்லுபடியாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கோ கடைக்காரர் வாசி, அதாவது கழிவு, கேட்டனர். அதனால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. காரணம் யாது? நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு புரிபவர் என்பதே. பின்னர்ச் சம்பந்தரும் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார். உழைக்கும் கையிலிருந்து வரும் பொருளுக்கு மதிப்பு மிகுதி என்னும் இக்கருத்தே சிங்கப்பூர்த் தமிழரின் அறப்பணி வரலாற்றிலும் ஊடாடி வருகிறது.

வள்ளல்கள் வளர்த்த மரபு

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் மாரியம்மன் ஆலயத்தை எழுப்பினார். புதிதாய் வந்து சேர்ந்த தமிழர்க்குப் புகலிடமாகவும் அவ்வாலயம் விளங்கிற்று. அடுத்த நூற்றாண்டில் செராங்கூன் சாலை வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளை (1887–1980) தேடிய செல்வத்தைப் பொதுப்பணிக்கு வாரி வழங்கினார். ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வளாகத்திலுள்ள திருமண மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய வள்ளல்களின் புகழ் கல்வெட்டில் நிலைத்துள்ளது. ஆயினும் எல்லாரும் வள்ளல்களாதல் இயலாது. கையில் பொருள் இல்லாத இளையர் என் செய்வர்?

தோடு கழற்றிய கைகள்

1943ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நேதாஜியின் உரையைக் கேட்ட ஜானகி தேவர் என்னும் பதினெட்டு வயது நங்கை, தம் பொன்தோடுகளைக் கழற்றி நிதிக்கு அளித்தார். அத்துடன் அமைந்தாரில்லை, அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் தம்மையே ஒப்படைத்தார். போர் ஓய்ந்தபின் இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவுடன் சேர்ந்து மலாயா மக்களுக்குத் தொண்டாற்றினார். ஜானகி ஆதி நாகப்பன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர்க்கு, 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. பொருளை ஈந்த கையே பணியையும் ஏற்றது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

ஒரு வெள்ளி செய்த வேலை

போருக்குப் பின், ஏழைகளின் சிறு கொடையால் ஒரு பெரும்பணி நிறைவேறியது. 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது, எம்மொழிக்கு முதன்மை தருவது என்ற வினா எழுந்தது. 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, இம்மண்ணில் வாழும் இந்தியருள் பெரும்பாலோர் பேசும் தமிழுக்கே அவ்விடம் உரியது என வாதாடினார். அத்துடன் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதி திரட்டி, ஆளுக்கு ஒரு வெள்ளி தருக என வேண்டினார்.

துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் நகராட்சியிலும் தோட்டங்களிலும் வியர்வை சிந்திய தொழிலாளர்க்கு ஒரு வெள்ளி சிறு தொகையன்று. தம்முள் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாதவர். தம் மக்களேனும் மிதிக்கட்டும் என்னும் ஆசையால் ஈந்தனர். 1956இல் இந்தியவியல் துறை தமிழைப் போற்றித் தொடங்கிற்று. பின்னர் கோலாலம்பூரில் அத்துறைக்குத் தலைமையேற்றவர் தனிநாயக அடிகளார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் அந்நகரிலேயே நடைபெற்றது.

சாரங்கபாணி சுயமரியாதைச் சீர்திருத்தக் கருத்தினர். கோயிற் சடங்குகள் சிலவற்றில் அவர்க்கு மாறுபட்ட எண்ணம் இருந்தது. எனினும் பொதுநன்மைக்கு அவர் அழைத்தபோது ஆத்திகரும் நாத்திகரும் வேறுபாடின்றி முன்வந்தனர். ஆலய மலரில் அவரை நினைவுகூர்வது பொருத்தமே எனத் துணிகிறோம்.

அவர் இளையரை ஈர்த்த வழியும் கருதத்தக்கது. 'தமிழ் முரசு' இதழின் மாணவர் மணிமன்றம், பள்ளிச் சிறாரை வெறும் வாசகராக வைத்திராமல், எழுதுவோராகவும் கூட்டம் நடத்துவோராகவும் ஆக்கிற்று. அவர்களுட் பலர் பிற்காலத்தில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர். அறிவுரை கூறி அழைத்ததைவிட, பொறுப்பைக் கையில் கொடுத்து அழைத்ததே மிகுந்த பயன் தந்தது.

இன்றைய நிலை

1991இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமாகிய சிண்டாவும் இவ்வழியிலேயே நடைபோடுகிறது. இந்திய ஊழியர்தம் மாதச் சம்பளத்திலிருந்து பெறும் சிறு தொகை, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளுக்கு உரமாகிறது. 1997இல் பள்ளிகளில் சமூகப் பங்கேற்புத் திட்டம் வந்தது. மாணவர்க்குச் சமூகப்பணி மணிக்கணக்கில் குறிக்கப்பட்டது. 2012இல் 'செயலில் நற்பண்புகள்' என்னும் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. கொடி நாளில் உண்டியலேந்திச் சாலையோரம் நிற்கும் மாணவரை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஆனால் மணிக்கணக்கு நிறைவுற்றபின் மீண்டும் வருவோர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

மற்றொரு பாடமும் உண்டு. 2005ஆம் ஆண்டு தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் நிர்வாகக் குறைபாடுகள் வெளிப்பட்டபோது, ஈந்தோர் உள்ளம் புண்பட்டது. அதன்பின் அறநிறுவனங்களுக்கான நெறிமுறைத் தொகுப்பு 2007இல் வெளியாயிற்று. உண்டியலை ஏந்தும் இளையர்க்கு, அதில் விழும் பொருள் எங்கே செல்கிறது என்பதை அறியும் உரிமை உண்டு. அதை அவர்க்குக் காட்டாமல், ஆர்வம் குன்றியதென அவரைக் குறைகூறுதல் முறையாகாது.

நாம் செய்யத்தக்கது

ஆலயக் குழுக்களில் முதியோரே பல்லாண்டுகளாகப் பணிச்சுமை தாங்கி வருகின்றனர். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலிலும் அன்னதானத்திலும் பாத்திரம் சுமக்க இளையரை அழைக்கிறோம். கணக்கேடு திறக்கும்போது அழைப்பதில்லை. இந்நிலை மாறுதல் வேண்டும். ஒரு நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கவும், அதற்குரிய நிதியைத் திட்டமிடவும், முறையான அனுமதி பெற்றுத் திரட்டவும், திரட்டியதற்கு அனைவரும் காண வரவு செலவு எழுதவும், பயன்பெற்றோரை நேரிற் சென்று காணவும் அவர்க்கு இடந்தருதல் வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்த மூத்தோர் உடனிருந்தால் போதும்.

திருவள்ளுவர் ஈகைக்கு முன்னர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஊரோடு ஒன்றி வாழக் கற்றவனுக்கே ஈகை இயல்பாக வரும் என்பது அவ்வைப்புமுறையால் நாம் கொள்ளத்தக்க பொருள். நம் இளையர் முதலில் ஊர்ப்பணியில் பங்கு பெறட்டும். பொருள் தானே வரும். அவர்தம் கையில் விழும் ஒவ்வொரு வெள்ளியும் வாசியில்லாக் காசாக விளங்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக!