‘சர்க்காரே, வெளியே போ!’ – சுதந்திராக் கட்சியும் இரண்டு கோபங்களும்

1

எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்திற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: ‘ஓட்டு வாங்கிட்டுப் போனவன் எல்லாம் திருடன். ஆபீசுல உக்காந்திருக்கிறவன் அவனைவிடத் திருடன். எதுக்கெடுத்தாலும் சர்க்கார் வந்து மூக்கை நுழைச்சா நாடு எப்படி உருப்படும்?’ சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்காக அரைநாள் நின்றவன் யாரும் தலையாட்டத்தான் செய்வான்.

இந்தத் தலையாட்டலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மீதான கசப்பை, அரசு எல்லை மீறுகிறது என்ற புகாரை, ஒரு கட்சியாகவே கட்டியெழுப்பிய வரலாறு. அது தொடங்கிய இடம் சென்னை. ஆண்டு 1959. கட்சியின் பெயர் சுதந்திராக் கட்சி.

நமது இடதுசாரி எழுத்தும் திராவிட இயக்க எழுத்தும் இந்தக் கட்சியை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன: ‘ராஜாக்கள், மிராசுதார்கள், முதலாளிகள் சேர்ந்து நடத்திய கட்சி.’ இது பொய்யில்லை, ஆனால் போதாது. ராஜாக்களின் மானியம் போய்விட்டது. கட்சியும் 1974இல் கரைந்துவிட்டது. அதன் வாதம் மட்டும் சாகவில்லை. கட்சியின் பெயரையே கேள்விப்படாதவர்கள் வாயில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஏன் என்று கேட்பதுதான் இங்கே என் வேலை.

2

1959 ஜனவரியில் காங்கிரசின் நாகபுரி மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. நில உச்சவரம்பு கொண்டுவர வேண்டும், உணவு தானிய வியாபாரத்தில் அரசு இறங்க வேண்டும், எதிர்கால வேளாண்மை கூட்டுறவுக் கூட்டுப் பண்ணையாக இருக்க வேண்டும் என்றது அது. உடனே கூக்குரல் எழுந்தது. ‘நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள், ரஷ்யா வரப்போகிறது’ என்றார்கள். அந்த ஜூன் 4 அன்று சென்னையில் கூடிய கூட்டத்தில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. ஆந்திர விவசாயிகள் இயக்கத்திலிருந்து வந்த என்.ஜி. ரங்கா தலைவரானார். ஒருகாலத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்டாக இருந்த மினு மசானி பொதுச் செயலாளரானார். பிறகு ஒரிசாவின் பழைய சமஸ்தானக்காரர்கள், ராஜஸ்தானின் ஜாகிர்தார்கள், குஜராத்தின் பட்டிதார்கள் என்று வந்து சேர்ந்தார்கள். 1962இல் மக்களவையில் 18 இடங்கள், 1967இல் 44 இடங்கள் என்று கட்சி வளர்ந்தது.

நாகபுரித் தீர்மானத்தை இன்று நிதானமாக வாசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். கூட்டுப் பண்ணையிலும் நிலத்தின் உரிமை உடையவனிடமே இருக்கும் என்றுதான் அது சொல்கிறது. நிலத்தின் அளவுக்கேற்ப அவனுக்குப் பங்கும் உண்டு. அந்தக் கூட்டுப் பண்ணையும் நாடு முழுக்க வரவே இல்லை. உச்சவரம்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1961இல் வந்தது. குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என்றார்கள். கரும்புக்கு விலக்கு, தர்ம ஸ்தாபனத்திற்கு விலக்கு, பினாமிக்கோ கணக்கே இல்லை. நிலத்தில் கைவைக்காத ஒரு அரசை எதிர்த்துத்தான் ‘நிலத்தில் கைவைக்கிறான்’ என்ற கூச்சல் எழுந்தது. ஆகவே அந்தக் கூச்சலை நடந்த ஒன்றுக்கான எதிர்வினையாகப் படிக்க முடியாது. நடந்துவிடுமோ என்ற அச்சத்தை ‘மக்களின் கோபம்’ என்ற சொல்லாடலாக உருமாற்றிய வேலையாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

3

ஆனால் ராஜாஜியின் இன்னொரு குற்றச்சாட்டு அத்தனை எளிதாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. அவர் அதற்கு வைத்த பெயர் ‘பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’. தொழில் தொடங்க லைசென்ஸ், இறக்குமதிக்கு பெர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா. அதைக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற கட்சிக்குத் தேர்தல் நிதி. இதை அவர் ‘ஸ்வராஜ்யா’விலும் தமிழில் ‘கல்கி’யிலும் எழுதினார்.

நம்மாட்கள் இதை ‘முதலாளிகளின் குரல்’ என்று ஒதுக்கினார்கள். அப்படியானால் பெருமுதலாளிகள் எல்லாரும் ஏன் சுதந்திராக் கட்சிக்குப் போய்விடவில்லை? பிர்லா காங்கிரசோடுதான் இருந்தார். டாட்டா இரண்டு பக்கமும் பணம் கொடுத்தார். விடை 1967இல் ஹசாரி அறிக்கையில் வந்தது. பிர்லா குழுமம் லைசென்ஸ் விண்ணப்பங்களை அடுக்கடுக்காகப் போட்டு, மற்றவர்கள் நுழைவதற்கு முன்பே இடத்தை வளைத்துப்போட்டிருந்ததை அது காட்டியது. 1969இல் தத் குழுவும் பெரிய வீடுகளுக்கே லைசென்ஸ் முறை அதிகம் உதவியது என்று சொன்னது. அதாவது பெருமுதலாளியைக் கட்டிவைத்த கயிறு என்று சொல்லப்பட்டது உண்மையில் அவன் வீட்டு வேலி.

ராஜாஜி சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்ள நமக்கு ஏன் இத்தனை கஷ்டம்? மீதிப் பாதியில்தான் வில்லங்கம் இருக்கிறது. வேலி போட்ட இருவரில் ஒருவனை மட்டும் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ‘அரசு’ என்று ஒரு பக்கம், ‘குடிமக்கள்’ என்று மறுபக்கம் இரண்டு உருண்டைகளைப் பிடித்துவைத்தார். குடிமக்கள் என்ற அந்த உருண்டைக்குள் ஆலை அதிபரும் ஆலைத் தொழிலாளியும், மிராசுதாரும் பண்ணையாளும் ஒன்றாகப் பிசையப்பட்டார்கள். இந்தக் கோபத்தின் பலமும் மோசடியும் இந்தப் பிசைதலில்தான் இருக்கின்றன.

4

அரசின் தலையீட்டை எதிர்த்த அதே ராஜாஜி அதிகாரத்தில் இருந்தபோது என்ன செய்தார்? 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடியானவன் சாயங்காலம் என்ன குடிக்கிறான் என்பதுவரை அரசு எட்டிப்பார்த்தது. இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்த்தவர்கள்மீது, வெள்ளைக்காரன் செய்துவைத்த கிரிமினல் சட்டத் திருத்தத்தை ஏவினார். வணிகர்கள் சபித்த பொது விற்பனை வரியை 1939இல் சட்டமாக்கியது அவரது அரசுதான்.

1952 இன்னும் சுவாரஸ்யமானது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் அவரை மேலவைக்கு நியமித்தார். அந்தப் பின்வாசல் வழியாக வந்து முதல்வரானார். அடுத்த ஆண்டு வந்தது புதிய ஆரம்பக் கல்வித் திட்டம். பிள்ளைகள் பாதிநாள் பள்ளியில், மீதிநாள் அப்பன் தொழிலில் என்றது அது. ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு கிளம்பியது, 1954இல் அவர் பதவி விலகினார். அரசு ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் நுழைந்து ‘நீ இன்ன தொழில்காரன் மகன்’ என்று சொல்வதைவிடப் பெரிய தலையீடு எது?

அவரைப் பெயர் சொல்லித் திட்டுவதற்காக இதை அடுக்கவில்லை. தஞ்சையில் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டத்தை அதே 1952இல் கொண்டுவந்ததும் அவரது அரசுதான். மிராசுதார்கள் பல்லைக் கடித்தார்கள். என் வாதம் வேறு. பழமைவாதம் ஒருபோதும் பொத்தாம்பொதுவாக ‘அரசு’க்கு எதிரானதாக இருந்ததில்லை. அரசு எந்த வாசல் வழியாக, யார் வீட்டுக்குள் நுழைகிறது என்பதே அதன் கவலை. ஒழுக்கத்தின் பெயரால் சேரிக்குள் போனால் அது கடமை. நிலக் கணக்கைக் கேட்டுக்கொண்டு அக்ரஹாரத்திற்கோ மேலத்தெருவுக்கோ வந்தால் அது சர்வாதிகாரம்.

5

என் தாத்தா கீழத்தஞ்சையில் குத்தகைக்கு உழுதவர். எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவரிடம் சுதந்திராக் கட்சி ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். ‘நட்சத்திரச் சின்னம்தானே? சுவர் பூரா போட்டிருந்தாங்க. சர்க்கார் நம்ம நிலத்துல கைவைக்கப் போறான்னு மைக்குல பேசுனாங்க. எனக்கு ஏதுடா நிலம்? சர்க்கார் நம்ம தெருவுக்கு வந்ததே போலீஸாத்தான். அந்தப் போலீஸப் போவச் சொல்லி அவங்க யாரும் பேசல.’

கோட்பாட்டுப் புத்தகங்கள் எதிலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்காத விஷயம் இது. ‘சர்க்காரே வெளியே போ’ என்கிறவனின் பட்டியலில் போலீஸ் இல்லை. பட்டாப் பதிவேடு இல்லை, கோர்ட் அமீனா இல்லை. நிலத்தை நிலமாக, உடைமையை உடைமையாக நிறுத்திவைத்திருப்பது இந்த அரசுதான். அது அவன் கண்ணுக்கு அரசாகவே தெரிவதில்லை, இயற்கையாகத் தெரிகிறது. கருத்தியல் என்பதே இதுதானே.

அம்பேத்கர் 1947இலேயே ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் இதைத் தொட்டுவிட்டார். அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை என்கிறீர்களே, அந்த விடுதலை யாருக்கு என்பது அவரது கேள்வி. நிலக்கிழாருக்கு அது வாரத்தை உயர்த்தும் சுதந்திரம், முதலாளிக்கு வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்கும் சுதந்திரம் என்றார். அரசு விலகிய இடம் காலியாக இருக்காது. அங்கே தனியாரின் ஆட்சி உட்கார்ந்துகொள்ளும். வேளாண் நிலத்தை அரசுடைமையாக்கி, நிலக்கிழான், குத்தகைதாரன், கூலி என்ற பேதமில்லாத கூட்டுப் பண்ணைகளுக்குக் கொடுக்கச் சொன்னவர் அவர். நாகபுரித் தீர்மானம் அதன் அருகில்கூட வரவில்லை.

1967 தேர்தலை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தி.மு.க.வோடு கூட்டணி வைத்த சுதந்திராக் கட்சிக்குத் தமிழ்நாட்டில் 20 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன; 1962இல் கிடைத்தவை 6. காங்கிரஸ் தோற்றது. அரசின் கட்டுப்பாட்டை எதிர்த்த கட்சிக்குக் கிடைத்த தீர்ப்பு என்று இதை எடுத்துக்கொள்ள முடியுமா? 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச்சூடும் ஒரு காரணம் என்றால், அரிசி இன்னொரு காரணம். ரூபாய்க்கு மூன்று படி என்றார் அண்ணா. சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுக்க முடிந்தது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. அதாவது ஜனங்கள் போட்ட ஓட்டு, அரசை அடுக்களைவரை வரச்சொல்லிப் போட்ட ஓட்டு.

ஆகக் கோபங்கள் இரண்டு. அரசு ரொம்ப வந்துவிட்டது என்பது ஒன்று. அரசு நம் பக்கம் வரவே இல்லை, வந்தாலும் லத்தியோடுதான் வந்தது என்பது இன்னொன்று. தாலுகா ஆபீசில் கால்கடுக்க நிற்பவனின் கோபம் இரண்டாவது வகை. சுதந்திராக் கட்சியின் சாமர்த்தியம், இரண்டாவது கோபத்தின் சட்டையை முதல் கோபத்திற்கு மாட்டிவிட்டது. டீக்கடையில் நாம் தலையாட்டும்போது எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமல் போவது இதனால்தான்.

6

ஓட்டில் ஜெயிக்க முடியாததைக் கோர்ட்டில் ஜெயிக்கப் பார்த்தார்கள். பஞ்சாபின் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் வழக்கில், 1967இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 5 என்று, அடிப்படை உரிமைகளில் நாடாளுமன்றம் கைவைக்க முடியாது என்றது. கோலக்நாத் வழக்கு என்று பெயர். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது வழக்குப் போட்ட ஆர்.சி. கூப்பர் சுதந்திராக் கட்சிக்காரர். 1970இல் அவர் ஜெயித்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவன்மீதான அவநம்பிக்கை, தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிமீதான நம்பிக்கையாக மாறியது. 1971 தேர்தலில் கட்சி 8 இடங்களுக்குச் சுருங்கியது. 1974இல் அதன் பெரும்பகுதி சரண்சிங்கோடு போய் பாரதிய லோக்தளமானது. அது 1977இல் ஜனதாவானது. சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்த 44ஆவது திருத்தத்தை 1978இல் கொண்டுவந்தது அந்த ஜனதா அரசுதான்! வரலாற்றுக்கும் நையாண்டி தெரியும்.

7

இத்தோடு நிறுத்திவிட்டால் நமக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

1962 அக்டோபரில் சீனப் போரை ஒட்டி அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, போர் ஒரு மாதத்தில் முடிந்தும் 1968 ஜனவரிவரை நீடித்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகள் விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தார்கள். போர் முடிந்த பிறகும் எதற்கு இந்த நெருக்கடி நிலை என்று கேட்டவர்களில், கம்யூனிஸ்டுகளைப் பரம எதிரியாக நினைத்த சுதந்திராக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். 1975இல் மீண்டும் நெருக்கடி நிலை வந்தது. சோவியத் ஆதரவு இடதுசாரிகளில் ஒரு பகுதி இந்திராவோடு நின்றபோது, மினு மசானி தன் சிறு பத்திரிகையான ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’டில் தணிக்கை அதிகாரி வெட்டிய பகுதிகளுக்காகப் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்குப் போனார். 1976இல் ஜெயித்தார். சிறுபத்திரிகை நடத்துகிற, வாசிக்கிற நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது வெட்கக்கேடு. அவரது பொருளாதாரத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த வழக்கு நம்முடையது.

நாம் செய்த தவறு இங்கேதான். நிலத்திற்காக, இடஒதுக்கீட்டிற்காக, ரேஷனுக்காக அரசை உள்ளே அழைத்தோம். அது நியாயம். ஆனால் அதே அரசு தடுப்புக்காவலோடு நுழைந்தபோது, நம் ஆட்கள் பிடிபடாதவரை, பேசாமல் இருந்தோம். ‘சுதந்திரம்’ என்ற சொல்லையே அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம்.

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் ஒழிந்தது. பெர்மிட் ராஜ்யம் செத்தது என்று பத்திரிகைகள் கொண்டாடின. யாருக்குச் செத்தது? மூலதனத்திற்கு. சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் பட்டா மாற்றத்திற்கும் நிற்கிறவர்களின் வரிசை அப்படியேதான் இருக்கிறது. 1967இல் பிறந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 2004, 2008, 2019 என்று திருத்தம் மேல் திருத்தமாக வளர்ந்திருக்கிறது. அரசு ஒரு கையைச் சுருக்கிக்கொண்டு மறுகையை நீட்டியிருக்கிறது. ‘சர்க்கார் மூக்கை நுழைக்கிறது’ என்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நீண்ட கை கண்ணில் படவில்லை.

அடுத்தமுறை டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் தலையாட்டுவதற்குமுன் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன். ‘சர்க்கார் போகட்டும் அண்ணே, சரி. போலீஸும் சேர்த்துப் போகட்டுமா? போன இடத்துல யாரு வந்து உக்காருவா?’ சண்டை வரலாம். வரட்டும். தாத்தா கேட்டதைத்தான் நானும் கேட்கப்போகிறேன்.